பஞ்சாலையின் சக்தியும் நமது தறியும்

(பள்ளிபாளையத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து யாவரும் எழுந்த சமயத்தில், என் மைத்துனர் குமாரன் என்னை வாசற்பக்கம் தனியே அழைத்து, "மாமா, எட்டுத் தறியையும் நிறுத்துக் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன். பழைய இரும்பு வியாபாரி நாளைக்கே வண்டி கொண்டுவருகிறேன் என்கிறார். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று வினவினான். நான் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. அவன் தகப்பனார் அத்தறிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது எனக்குத் தெரியும். இவ்வினா அவன் ஒருவனுடையதன்று என்பதையும், இங்கு அமர்ந்திருப்போரில் பலர் தம் மனத்துள் இதனையே வைத்துக்கொண்டிருக்கின்றனர் என்பதையும் நான் அறிவேன். ஆதலால், காரியதரிசி அவர்கள் இம்மாதம் ஏதேனும் பேசவேண்டுமென்று கேட்டபொழுது, முப்பத்து நான்கு வருஷம் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்தவன் என்ற முறையில், ஆலை இயந்திரங்களைப் பற்றியும் அவற்றைச் சுழற்றிய சக்தியைப் பற்றியும் பேச ஒப்புக்கொண்டேன். பழங்கதை பேசுகிறான் என்று எண்ணாமல் சற்றுப் பொறுமையாகக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

நம் முன்னோர் குழித்தறியில் நெய்தனர். கால் மிதி பலகையை அழுத்தும். விழுது ஏறி இறங்கும். ஒரு கை நாடாவை எறியும். மறு கை அதனைப் பிடிக்கும். அச்சுப் பலகை ஊடையை அடித்து நெருக்கும். இவ்வளவுக்கும் வேண்டிய சக்தி நெய்பவனுடைய உடம்பிலேயே இருந்தது. கால் ஓய்ந்தால் தறி ஓய்ந்தது. அவன் எழுந்து சோறுண்ணப் போனால் தறியும் அவனுக்காகக் காத்திருந்தது. இதில் வறுமை இருந்தது, கடன் இருந்தது, நூல் கொடுத்த வியாபாரியின் ஏச்சும் இருந்தது. ஆயினும் தறியை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவன் விருப்பமாகவே இருந்தது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதைப் பற்றியதே.

நமது பக்கத்துச் சேலத்திலே நடந்த ஒரு சம்பவம் உண்டு. சென்னை ராஜதானியில் கைத்தொழில் அபிவிருத்திக்காக உழைத்த ஆல்பிரெட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர், 1906-ஆம் வருஷத்தில் சேலத்தில் ஒரு கைத்தறிச் சாலையை ஏற்படுத்தினார். நாடாவைக் கையால் எறியாமல் கயிற்றை இழுத்துச் செலுத்தும் விசை நாடாத் தறிகளை அங்கே நிறுவி, நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் அமர்த்திக் கூலி கொடுத்து வேலை வாங்கிப் பார்ப்பது அவர் நோக்கம். இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-இல் கண்ட உபாயம் அது. நெய்யும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிக்க வல்லது. நம்மவர் அந்நாடாவை வெறுக்கவில்லை. பிற்காலத்தில் வீடுதோறும் அதனைப் பூட்டிக்கொண்டனர். அவர்கள் வெறுத்தது மணியடித்தவுடன் வந்து மணியடித்தபின் போகும் ஏற்பாட்டையே. வீட்டில் மனைவி தார் சுற்ற, பெரியவர் பாவுக்குக் கஞ்சி தோய்க்க, பிள்ளைகள் இழை பிணைக்க நடந்த தொழிலில் ஒருவனை மட்டும் பிரித்துச் சாலையில் உட்கார வைத்தால் மற்றவர் கைகள் என்ன செய்யும்? அச்சாலை 1910-இல் மூடப்பட்டது. நம்மவர் மூடத்தனத்தால் அது கெட்டது என்று சொல்வாருண்டு. நான் அப்படி எண்ணவில்லை. வீட்டிலிருந்து பிரித்து எடுத்துச் செல்லத்தக்க சக்தி எதுவும் அத்தறியில் இல்லாதபோது, ஆளை மட்டும் ஏன் பிரித்துச் செல்லவேண்டும் என்ற கேள்விக்குச் சாலை நடத்தியோரிடம் விடை இல்லை.

சக்தி உடம்பை விட்டு வெளியேறியது முதலில் நூற்பில்தான். ஆர்க்ரைட் என்பவர் 1771-இல் இங்கிலாந்தில் குரோம்போர்டு என்னும் ஊரில் நீர்ச் சக்கரத்தால் ஓடும் நூற்பாலையை நிறுவினார். அன்றுவரை மனிதக் கை சுழற்றிய கதிரை ஆறு சுழற்றத் தொடங்கிற்று. இதனால் நேர்ந்த விளைவு யாதெனில், ஆறு எங்கே விழுகிறதோ அங்கேதான் ஆலை எழவேண்டும், ஆலை எங்கே எழுந்ததோ அங்கே ஜனங்கள் போகவேண்டும் என்பதாயிற்று.

இதற்கு நமது தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் சகோதரர்கள் 1880-களில் திருநெல்வேலிச் சீமையில் பாபநாசத்தை அடுத்து ஒரு நூற்பாலையைக் கட்டினார்கள். பருத்தி விளைவது கரிசல் பூமியில். துறைமுகம் இருப்பது தூத்துக்குடியில். இவ்விரண்டையும் விட்டு மலையடிவாரத்துக்கு அவர்கள் ஏன் போனார்கள்? தாமிரபரணி மலையை விட்டு இறங்குமிடம் அது. விழும் நீரைக் கால்வாயில் திருப்பிச் சக்கரத்தின்மேல் விட்டால் கரியும் வேண்டாம், விறகும் வேண்டாம். பருத்தியை வண்டியிலேற்றி ஆற்றிடம் கொண்டு சென்றார்களே அன்றி, ஆற்றைப் பருத்தியிடம் கொண்டுவர அவர்களால் இயலவில்லை. பின்னர் அவர்களே தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலை எழுப்பியபோது கரி எரிக்கும் நீராவியை நம்பினார்கள். மதுரை ஆலை ரயில் நிலையத்துக்கு அருகே எழுந்தது. ரயில் எங்கேயோ கரி அங்கே.

இனி நீராவியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். அதுவே என் தகப்பனார் காலத்துக் கதை.

பருத்தி நூற்பாலையில் ஜேம்ஸ் வாட்டின் சுழல் எஞ்சின் முதன்முதலாகப் பூட்டப்பட்டது 1785-இல், இங்கிலாந்தில் பாப்பில்விக் என்னுமிடத்தில். பம்பாயில் காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் கம்பெனி சேர்த்து ஆரம்பித்த ஆலை இரண்டு வருஷத்தில் ஓடத் தொடங்கியது. சென்னையில் பக்கிங்காம் ஆலை 1876-இலும், கோயமுத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் நிறுவிய ஆலை 1888-இலும் எழுந்தன. நமது ராஜதானியின் தமிழ்ப் பகுதியில் அக்காலத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. வங்காளத்துக் கரியோ சிங்கரேணிக் கரியோ நெடுந்தூரம் பிரயாணம் செய்து வரவேண்டும். அத்தனை விலை கொடுத்து வாங்கிய கரியில் எழுப்பிய ஆவியை ஒரு துளியும் வீணாக்க முதலாளி மனம் ஒப்புமா?

அக்காலத்து ஆலைக்கு ஒரே ஓர் எஞ்சின்தான். அதன் பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அப்பள்ளங்களில் பருத்தியினாலேயே திரித்த தடித்த கயிறுகள் ஓடி, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தண்டைச் சுழற்றும். தண்டு என்பது கூரையை ஒட்டி இக்கோடியிலிருந்து அக்கோடிவரை செல்லும் நீண்ட இரும்பு உருளை. அதில் வரிசையாகக் கப்பிகள். ஒவ்வொரு கப்பியிலிருந்தும் கீழே நிற்கும் இயந்திரத்துக்கு ஒரு தோல்வார். பஞ்சை உதறும் இயந்திரம், சிக்கெடுத்துச் சீவும் கார்டிங், பட்டையை இழுத்து மெலிக்கும் இயந்திரம், முறுக்கேற்றி நூலாக்கும் ரிங் பிரேம் ஆகிய எல்லாம் அத்தண்டிலிருந்தே உயிர் பெற்றன. பழைய ஆலைகள் நாலைந்து மாடி உயர்ந்து நிற்பதன் காரணமும் இதுவே. தண்டு மிக நீண்டால் முறுக்கிக்கொண்டு நடுங்கும். உராய்வில் சக்தி வீணாகும். ஆதலால் இயந்திரங்களைப் பக்கவாட்டில் பரப்பாமல், ஒன்றன்மேல் ஒன்றாக எஞ்சினுக்கு அருகிலேயே அடுக்கினார்கள். அழகுக்காக எழுப்பிய மாடங்கள் அல்ல அவை.

எஞ்சின் புறப்பட்டால் யாவும் புறப்படும். நின்றால் யாவும் நிற்கும். இடைப்பட்ட நிலை இல்லை. விடியற்காலையில் சங்கு ஊதினால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நிமிஷத்தில் தத்தம் இடத்தில் நிற்கவேண்டும். ஏனெனில் கரி எரிய ஆரம்பித்துவிட்டது. ஒருவன் இளைப்பாறுவதற்காக எஞ்சின் இளைப்பாறாது. தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் 1908-ஆம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர் துணையோடு வேலைநிறுத்தம் செய்து வென்ற காரியங்களில் வாராந்தர ஓய்வு நாளும் ஒன்று. சென்னையில் 1918-இல் தொழிற்சங்கம் தோன்றுவதற்கு முன் பி. பி. வாடியாவிடம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சென்று முறையிட்ட குறைகளில், மத்தியான ஆகாரத்துக்கு அரைமணி நேரமே விடுகிறார்கள் என்பது முக்கியமானது. ஓய்வையும் சோற்று வேளையையுமே அவர்கள் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். குழித்தறியில் இருந்தவனுக்கு இவை கேட்டுப் பெறவேண்டிய பொருள்களாக இருந்ததில்லை.

என் தகப்பனார் பதினாறாம் வயதில் இவ்வூரை விட்டுச் சென்று ஓர் ஆலையில் சேர்ந்தார். ஆலையின் பெயர் இங்கு வேண்டாம். அவருக்கு இடது கையில் மூன்று விரல்களே இருந்தன. சிறுவனாக இருந்தபோது நான், பிறவியிலேயே அப்படி என்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் அவரே சொன்னார். கார்டிங் இயந்திரம் ஒன்றில் தோல்வார் கப்பியிலிருந்து நழுவிவிட்டது. தண்டை நிறுத்தி வாரை ஏற்றுவதே முறை. தண்டை நிறுத்தினாலோ, அந்த மாடி முழுவதும் நின்றுவிடும். நின்ற இயந்திரங்களில் எல்லாம் பட்டை அறும். மேஸ்திரிக்கு மேலிடத்தில் பதில் சொல்லவேண்டும். "ஓட்டத்திலேயே ஏற்றடா" என்றாராம் மேஸ்திரி. தகப்பனார் ஏற்றினார். வார் ஏறிற்று, விரல்கள் இரண்டு போயின. இதைச் சொல்லும்பொழுது அவர் மேஸ்திரியை ஏசவில்லை. "அவன் என்ன செய்வான்? ஒரு ஆளுக்காகத் தண்டை நிறுத்த அவனுக்கும் அதிகாரம் இல்லை" என்றார். இயந்திரங்களைச் சுற்றித் தடுப்பு வேலி வைக்கவேண்டுமென்று 1881-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியிருக்கிறது. நழுவிய வாரை ஏற்றுகிறவன் அவ்வேலிக்கு உள்ளே அல்லவா நிற்கவேண்டியிருக்கிறது!

ஆலை நூலினால் நமக்கு நேர்ந்ததையும் இங்கே குறித்தாகவேண்டும். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் நூலில் இத்தகைய சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுவே நூலின் நெம்பர். 40-ஆம் நெம்பர் என்றால் ஒரு ராத்தல் நூல் 33,600 கஜம் நீளும். ராட்டையில் இவ்வளவு நூற்க ஒருத்தி எத்தனை நாள் உட்காரவேண்டும் என்பதைத் தாய்மார்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 1860-களில் ரயில் ஈரோட்டைத் தொட்டபின், லங்காஷயர் நூலும் பின்னர் பம்பாய் நூலும் நம் வாசலுக்கே வந்தன. நெசவாளன் மகிழ்ச்சியோடு வாங்கினான். அவை ஒரே சீராக இருந்தன, விலையும் சகாயம். ராட்டை பரணில் ஏறிற்று. நமது தறி நம் வீட்டிலேயே இருந்தும், அதற்கு இரையாகும் நூல் எங்கோ ஒரு தண்டின் அடியில் பிறப்பதாயிற்று. நூல் விலை ஏறினால் நாம் தவித்தோம். இன்றும் அப்படியே. கையால் நெய்தபோதே நாம் ஆலையைச் சார்ந்துவிட்டோம் என்பதை மறந்து, விசைத்தறி வந்த பிறகுதான் சுதந்திரம் போயிற்று என்று பேசுவது சரியன்று.

மின்சாரம் வந்தது. நீலகிரியில் பைக்காரா நதியை மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாயில் இறக்கி, 1932-இல் மின்சாரம் எடுக்கலானார்கள். அதன் கம்பி கோயமுத்தூரை அடைந்த பின்னர் அங்கே ஆலைகள் மளமளவென்று எழுந்த செய்தியை யாவரும் அறிவர். பாபநாசத்தில் ஆற்றிடம் பருத்தி போனது போலன்றி, இங்கே ஆறே கம்பி வழியாகப் பருத்தியிடம் வந்துவிட்டது. நமது காவிரியில் மேட்டூர் அணை 1934-இல் முடிவடைந்து, 1937-இல் அங்கே மின்சார நிலையம் வேலை செய்யத் தொடங்கிற்று. தஞ்சைப் பயிருக்குப் போகும் தண்ணீர் வழியில் ஒரு சக்கரத்தையும் சுழற்றிவிட்டுப் போயிற்று. அதே தண்ணீர்தான் நம் படித்துறையையும் கடந்து போகிறது. பிற்காலத்தில் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை கதவணையாகக் கட்டி அதனிடமிருந்து மீண்டும் மீண்டும் வேலை வாங்கினார்கள்.

என் தகப்பனார் இருந்த ஆலையில் மின்சாரம் வந்தபோது முதலில் செய்தது யாது தெரியுமோ? எஞ்சினை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, அதே தண்டைச் சுழற்றினார்கள்! புதிய சக்திக்குப் பழைய உடம்பு. தண்டும் வாரும் உராய்வில் சக்தியைத் தின்றுகொண்டேயிருந்தன. மின்சாரத்தின் உண்மையான குணம் வேறு என்பது மெள்ள மெள்ளத்தான் விளங்கிற்று. நீராவியைச் சிறு துண்டுகளாக வெட்டி விற்க முடியாது. ஒரு தறிக்கு ஓர் எஞ்சின் வைப்பவன் கரிச் செலவிலேயே அழிந்து போவான். மின்சாரத்தையோ எவ்வளவு சிறிதாக வேண்டுமாயினும் பகிர்ந்துகொள்ளலாம். நூற்றுக்கணக்கான குதிரைச் சக்தி கொண்ட ஒரு மோட்டாரும், ஒரே குதிரைச் சக்தி கொண்ட சிறு மோட்டாரும் ஒரே கம்பியில் தொங்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆலையில் ஒரு பகுதியில் பழைய தண்டும் மறு பகுதியில் தனித்தனி மோட்டாரும் இருந்தன. தண்டிருந்த பக்கத்தில் கூரை இருண்டு, வார்கள் காடு போலத் தொங்கி, பேச்சே கேளாது. மோட்டார்ப் பக்கத்தில் மேலே வெளிச்சம் இருந்தது. சத்தம் என்னவோ இரண்டிலும் உண்டு.

தண்டு விழுந்த பின்னர் தறிக்கு ஆலையின் கூரை அவசியமில்லாது போயிற்று. சுதந்திரத்துக்குப் பின் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ஈரோட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் கொட்டகையிலும் விசைத்தறிகள் நுழைந்ததற்கு இதுவே காரணம். கார்ட்ரைட் பாதிரியார் 1785-இல் விசைத்தறிக்கு உரிமை பெற்றார். அவர் தறி நம் வீட்டுக்கு வர ஏறக்குறைய இருநூறு வருஷம் பிடித்தது. தறி கனமானதாலன்று, அதைச் சுழற்றும் சக்தி சிறு பொட்டலமாகக் கிடைக்காததால். சேலத்துச் சாலைக்குப் போக மறுத்த நெசவாளனின் பேரன், தன் வீட்டிலேயே நிமிஷத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது தடவை நாடா பாயும் தறியை ஓட்டலானான். மனைவி தார் போட்டாள். அவனே கைப்பிடியைத் தள்ளி ஓட்டினான், இழுத்து நிறுத்தினான்.

இவ்விடத்தில் நான் நின்றுவிட்டால் பேச்சு இனிமையாக முடியும். ஆனால் என் மைத்துனர் குமாரனுக்கு அது விடையாகாது.

கைப்பிடி நம் கையில்தான் இருக்கிறது. அதனை இழுக்க நம்மால் முடிகிறதா? இங்குள்ளவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடை நூலும் வியாபாரியுடையவை, தறி நம்முடையது, கூலி மீட்டருக்கு இவ்வளவு என்று பேச்சு. தறி நின்றால் கூலி நின்றது. ஆகவே நாம் நிறுத்துவதில்லை. இரவு இரண்டு மணிக்கும் நம் தெருவில் தறிச் சத்தம் கேட்கிறது. குழந்தை தொட்டிலில் உறங்க, நான்கு முழம் தள்ளி மோட்டார் பட்டை மறைப்பின்றி ஓடுகிறது. ஓட்டத்திலேயே அறுந்த இழையைப் பிணைக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தலைமயிரைக் கண்டு எனக்கு நெஞ்சு நடுங்கியிருக்கிறது. என் தகப்பனாரை ஓட்டத்திலேயே வாரை ஏற்றச் சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டியிருந்தான். நம் வீட்டில் மேஸ்திரி யார்? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், மின்சக்தி கொண்ட இடத்தில் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்தால்தான் அதனைத் தொழிற்சாலையாகக் கருதிற்று. 2020-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் அவ்வெண் இருபதாயிற்று. நம் கொட்டகைகளைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார் என்று நாம் சந்தோஷப்பட்டதுண்டு. அதன் மறுபக்கத்தை நாம் நினைத்ததில்லை. சென்ற தலைமுறையில் நம் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நிறுத்தித் தார் சுற்ற வைத்தோம் என்பதையும் இச்சபையில் ஒளிக்க வேண்டியதில்லை.

சக்தி சிறு பொட்டலமாக வந்ததென்றேன். பொட்டலம் கட்டுகிறவர் கை நம் கையன்று. 2012-ஆம் வருஷத்து மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. பகலில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. ஆலைக்காரன் டீசல் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டான். எட்டுத் தறிக்காரன் அரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சர்க்கார் உதவி செய்யாமலும் இல்லை. 2006-இல் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசமாயிற்று. 2016-இல் அது 750 ஆயிற்று. 2023-இல் 1,000 ஆயிற்று. கணக்கைப் பாருங்கள். ஒரு குதிரைச் சக்தி மோட்டார் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு முக்கால் யூனிட் தின்னும். எட்டுத் தறி பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் நாளைக்கு 72 யூனிட்; இரண்டு மாதத்துக்கு 4,300-ஐத் தொடும். மோட்டார் எப்பொழுதும் முழுச் சுமையில் இராது, விடுமுறையும் உண்டு. எப்படிக் குறைத்தாலும் எட்டுத் தறிக்கு 1,000 போதாது. இரண்டு தறிக்குப் போதும். மிச்சத்தைக் கட்டுபவர் யார்? பாவு கொடுத்தவரா, தறிக்காரரா? கூலி பேசும்பொழுது மின்சாரத்தைத் தனியாக எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இப்பொழுது நாடாவே இல்லாத ராப்பியர் தறிகளும், காற்றை ஊதி ஊடையைச் செலுத்தும் தறிகளும் வந்துவிட்டன. அவை நம் தறியைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகமும் அதற்கு மேலும் ஓடுகின்றன. துணியிலும் குறை குறைவு. நான் அவற்றைப் பழிக்கமாட்டேன். இயந்திரத்தோடு வாழ்ந்தவன் நல்ல இயந்திரத்தைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவான். ஆனால் விலை லட்சக் கணக்கில். வழவழப்பான தரை வேண்டும். உயர்ந்த கூரை வேண்டும். காற்றுத் தறியாயின், காற்றை அழுத்திக் கொடுக்கும் ஒரு பெரிய இயந்திரம் தனி அறையில் ஓடவேண்டும். அதிலிருந்து குழாய்கள் கிளம்பி ஒவ்வொரு தறிக்கும் செல்லும். அக்குழாய்களை முதன்முதல் பார்த்தபோது எனக்குப் பழைய தண்டு நினைவுக்கு வந்தது. மூலையில் ஒன்று நின்றால் கொட்டகையில் யாவும் நிற்கும். ஆக, தறி மறுபடியும் ஒரே கூரையின் கீழ்ப் போகப் பார்க்கிறது. அந்தக் கூரை யாருடையதாக இருக்கும் என்பதே நம் முன் உள்ள வழக்கு.

என் மைத்துனர் குமாரனுக்கு நான் இருபது நாள் கழித்துச் சொன்ன விடை இது. அதற்குள் அவன் இரண்டு தறிகளை நிறுத்துக் கொடுத்துவிட்டான். பிள்ளையின் கல்லூரிப் பணம் கட்டவேண்டியிருந்தது. நான் குற்றம் சொல்லவில்லை. மீதி ஆறு நிற்கின்றன. "தனியாக நீ ராப்பியர் வாங்கினால் கடன்காரனுக்கு ஓட்டுவாய். பழைய தறியையே பற்றிக்கொண்டிருந்தால் கூலி உன்னை மெள்ளத் தின்னும். உன்னைப் போன்ற ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கொட்டகை போட்டு, மின்சாரத்தையும் நூலையும் ஒரே கணக்கில் வாங்கி, கூலியை ஒரே வாயால் பேச முடியுமா என்று முதலில் பார்" என்றேன். அவன் சிரித்தான். "மாமா, நம்மவர் ஐந்து பேர் ஒரு கொட்டகையில் ஆறு மாதம் சேர்ந்திருப்பார்களா?" என்றான். நியாயமான சந்தேகம். ஆலைத் தொழிலாளர் ஒரே தண்டின் கீழ் நின்றதால், ஒரே சங்குக்கு எழுந்ததால், சேர்ந்து கேட்கக் கற்றுக்கொண்டார்கள். நாம் தனித்தனி மோட்டாரின் அருகே தனித்தனியாக நின்று, பக்கத்து வீட்டுக்காரன் மீட்டருக்கு எத்தனை காசு குறைத்து ஒப்புக்கொண்டான் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இந்நாட்டில் புதியன அல்ல; கைத்தறிக்காரர் பல ஊர்களில் நடத்திக் காட்டியுள்ளனர், சில ஊர்களில் கெடுத்தும் காட்டியுள்ளனர். கெட்ட இடங்களில் பெரும்பாலும் கணக்கே கெட்டது. ஆகையால் கணக்கிலிருந்து தொடங்குவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்பொழுது, கூலித்தறி வைத்துள்ள ஒவ்வொருவரும் கடைசி மூன்று மின் கட்டண ரசீதுகளையும், அதே ஆறு மாதத்துக் கூலிச் சீட்டுகளையும், தறிகள் பாவு இல்லாமல் சும்மா நின்ற நாட்களின் குறிப்பையும் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயர் வெளியிட வேண்டியதில்லை. தறியின் எண்ணிக்கை மட்டும் போதும். மீட்டர் ஒன்றுக்கு மின்சாரத்துக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்பதை இருபது வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்து, காரியதரிசி அவர்கள் இச்சஞ்சிகையில் அச்சிட இசைந்திருக்கிறார். மோட்டார்ப் பட்டைக்குத் தகர மறைப்புச் செய்துகொள்ள விரும்புவோர் என்னிடம் அளவு கொடுத்தால், கூலி வாங்காமல் வெட்டிக் கொடுக்கிறேன். தகரத்தின் விலை மட்டும் தங்களுடையது. இரும்பு வியாபாரியை அடுத்த கூட்டம் முடியும்வரை வரவேண்டாமென்று என் மைத்துனர் குமாரன் சொல்லியனுப்பியிருக்கிறான்.